எழுத்தில் தோன்றும் முகம்

மக்கள் ஒருவரோடொருவர் அளவளாவுங்கால் சொல்லால் மட்டும் கருத்தை அறிவித்து அமைவதில்லை. புருவத்தின் நெரிவும், கண்ணின் மலர்ச்சியும், இதழோரத்து நகையும், குரலின் ஏற்றத்தாழ்வும் சொல்லுக்குத் துணையாக நின்று, அச்சொல் இன்ன பொருளது என்பதைக் கேட்போர்க்குத் தெளிவிக்கின்றன. "நீ பெரிய அறிவாளி" என்னும் தொடரைப் புகழ்ச்சியாகவும் சொல்லலாம், இகழ்ச்சியாகவும் சொல்லலாம். எது என்று காட்டுவது முகமேயன்றி மொழியன்று. இதுபற்றியன்றோ நம் முன்னோர் மெய்ப்பாடு என்பதனை இலக்கணத்துள் ஓரியலாக வைத்து, உள்ளத்து நிகழ்வன உடலின்கண் புலப்படும் வகையை எட்டாகப் பகுத்து ஆராய்ந்தனர்!

எழுத்துக்கோ முகமும் இல்லை, குரலும் இல்லை. கையால் எழுதிய கடிதத்திலேனும் எழுதினவருடைய கைந்நடுக்கமும், அவசரமும், அடித்துத் திருத்திய இடங்களும் அவருடைய உள்ளத்தை ஒருவாறு உணர்த்தின. தட்டெழுத்தில் அதுவும் போயிற்று. துயருற்றவன் தட்டிய எழுத்தும் களித்தவன் தட்டிய எழுத்தும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. முன்னாளில் நேரிற் பேசித் தீர்த்த விஷயங்களிற் பல இந்நாளிற் கைப்பேசித் திரையில் எழுதியே தீர்க்கப்படுவதால், இக்குறை அன்றாட வாழ்க்கையைத் தொடும் குறையாயிற்று. விளையாட்டாக எழுதிய ஒரு வரியால் நட்புப் பிரிந்தோரை நாம் யாவரும் அறிவோம்.

இக்குறையை நீக்குதற்பொருட்டு, தட்டச்சுப் பலகையிலுள்ள புள்ளிகளையும், கோடுகளையும், பிறைக்கோடுகளையும், அயல்மொழி எழுத்துகளையும் இணைத்து மனித முகம்போல் அமைக்கும் ஒரு வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எள்ளுவார் ஆசிரியருள்ளும் உளர். பழைய மாணவருள்ளும் உளர். மொழியைக் கெடுக்கும் நோய் என்பாரும் உளர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், இம்முகங்கள் எழுத்தின் ஊமைத்தன்மைக்கு எளிய மக்கள் தாமே கண்ட மருந்து என்பதும், ஆயினும் அம்மருந்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதும் நமது துணிபு. அவற்றை முறையே கூறுவோம்.

எழுத்துக் குறிகளால் முகம் அமைப்பது கணிப்பொறி தோன்றியபின் எழுந்த புதுமையன்று. அமெரிக்க நாட்டில் வெளிவந்த 'பக்' என்னும் நகைச்சுவைப் பத்திரிகை, 1881-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் இதழில், அச்சுக் குறிகளை மட்டுங்கொண்டு மகிழ்ச்சி, துயரம், அலட்சியம், வியப்பு என்னும் நான்கு முகங்களை அமைத்து வெளியிட்டது. ஓவியரின் உதவியின்றி அச்சுக்கோப்போரே சித்திரம் தீட்ட வல்லர் என்று வேடிக்கையாக நாட்டுவதே அதன் நோக்கம். அது நகைப்போடு நின்றுவிட்டது.

தேவை எழுந்தபின் வந்த முகமே நிலைபெற்றது. அமெரிக்காவிற் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்து ஆசிரியரும் மாணவரும் கணிப்பொறி வாயிலாக ஒருவர்க்கொருவர் செய்தி எழுதும் பொதுப்பலகை ஒன்றை வைத்திருந்தனர். 1982-ஆம் ஆண்டில், கீழ்நோக்கி விழும் மின்தூக்கியினுள் பாதரசத்துளி என்னாகும் என்னும் வினாவைப்பற்றி அவர்கள் விளையாட்டாக எழுதிவந்தபோது, மின்தூக்கியில் உண்மையாகவே பாதரசம் சிந்திவிட்டதென்று சிலர் மயங்கினர். அதன்மேல், வேடிக்கையை வேடிக்கையென்று அறிவிக்க ஓர் அடையாளம் வேண்டுமென்று பலர் கூற, ஸ்காட் ஃபால்மன் என்னும் அறிஞர் அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் :-) என்னும் குறியை முன்மொழிந்தார். வேடிக்கையல்லாதவற்றுக்கு :-( என்னும் குறியையும் உடன்வைத்தார். தலையைப் பக்கவாட்டிற் சாய்த்து நோக்கின் இருபுள்ளி கண்ணாகவும், சிறுகோடு மூக்காகவும், பிறைக்கோடு வாயாகவும் தோன்றும். நெடுநாள் காணாதிருந்த அம்முதற்செய்தி, 2002-இல் பழைய சேமிப்பு நாடாக்களைத் துருவித் தேடியபோது மீண்டும் கிடைத்தது. இதன் பிறப்பை நோக்குக: ஒரு மயக்கத்தைத் தீர்க்கவே இது பிறந்தது, மொழியைக் கெடுக்கப் பிறந்ததன்று.

நிற்க, இக்கலை முழு வளர்ச்சி எய்திய நாடு ஜப்பான். ஆங்குக் கணிப்பொறிவழிச் செய்தி பரிமாறிக்கொண்டோரிடையே 1986-ஆம் ஆண்டளவில் (^_^) என்னும் முகம் வழங்கத் தொடங்கிற்று. 'ஆஸ்கி நெட்' என்னும் வலையில் எழுதியோரே இதனை முதற்கண் வழங்கினர் என்பது பெருவழக்கான கூற்று. ஜப்பானியர் இத்தகையவற்றைக் 'காவோமோஜி' என்பர். காவோ என்பது முகம். மோஜி என்பது எழுத்து. ஆக, முகவெழுத்து என்பது அச்சொல்லின் பொருள். மேனாட்டுக் குறிபோல் இது சாய்ந்து கிடப்பதன்று. நம்மை நேர்நின்று நோக்குவது.

வேற்றுமை அதனோடு நில்லாது. மேனாட்டுக் குறியில் கண் மாறுவது அருமை; வாயே மாறி உணர்ச்சியைக் காட்டும். ஜப்பானிய முகத்திலோ வாய் ஒரு சிறு கோடாய் அசையாது நிற்க, கண்களே யாவற்றையும் உரைக்கும். (^_^) என்பது மகிழ்ச்சி; (-_-) என்பது சலிப்பு; (>_<) என்பது தாங்கொணா வேதனை; (;_;) என்பது கண்ணீர். நான்கினும் வாய் ஒன்றே என்பதை நண்பர்கள் கருதிப் பார்ப்பாராக. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் மாசாகி யூகியும் அவருடன் உழைத்தோரும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிறருடைய உணர்ச்சியை அறிவதற்கு ஜப்பானியர் கண்ணையும் அமெரிக்கர் வாயையும் மிகுதியாக நோக்குகின்றனர் என்று காட்டினர். உணர்ச்சியை அடக்கி ஒழுகுதலைப் பண்பாகக் கொண்ட மக்களிடத்தில், எளிதில் அடக்கக்கூடிய வாயினும் அடக்கற்கரிய கண்ணே நம்பத்தக்க சான்றாகும் என்பது அவர் கூறிய காரணம். ஒரு நாட்டார் முகத்தை எங்ஙனம் படிக்கின்றனர் என்பது அவர்தம் மூன்று சிறு குறிகளில் வந்து அமைந்துவிட்டது! அற்பம் என்று நாம் கருதுவதனுள் எத்துணைச் செய்தி அடங்கியிருக்கின்றது!

ஜப்பானியர் இதில் விஞ்சியதற்கு வேறு காரணங்களும் உள. எழுத்தைக் கோட்டுருவாகக் காணும் பழக்கம் அவர்க்குப் பழமையானது. எடோ காலந்தொட்டு அந்நாட்டுச் சிறுவர் 'ஹெ நோ ஹெ நோ மோ ஹெ ஜி' என்னும் ஏழெழுத்துகளை எழுதி ஒரு முகம் வரைவர். முதலெழுத்து இரண்டு புருவமாகவும், அடுத்தது இரண்டு கண்ணாகவும், 'மோ' மூக்காகவும், மீண்டும் வரும் 'ஹெ' வாயாகவும், 'ஜி' முகத்தின் வளைகோடாகவும் அமையும். வயல்களில் நிற்கும் புல்லுருவின் தலையிலும் இம்முகத்தை எழுதுவதுண்டு. இத்தகைய விளையாட்டில் வளர்ந்த கைக்குத் தட்டச்சுப் பலகையும் சித்திரப் பலகையாகத் தோன்றியது வியப்பன்று.

பிறிதொரு காரணம் எழுத்துச் செல்வம். அமெரிக்கக் கணிப்பொறிகளுக்கென 1963-இல் தோன்றிய 'ஆஸ்கி' என்னும் குறியீட்டு முறையில், அது திருந்தி நிலைபெற்றபின்னும், இடைவெளியையும் சேர்த்துத் திரையில் அமையும் உருக்கள் 95-தாம். ஜப்பானியர்க்கு அது போதாது. சீனத்திலிருந்து பெற்ற காஞ்சி எழுத்துகளே அவர்க்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே 1978-இல் அவர்கள் வகுத்த தரக் குறியீடு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட காஞ்சி எழுத்துகளோடு, ஹிரகானா, கத்தகானா என்னும் இருவகை அசையெழுத்துகளையும், கிரேக்க நெடுங்கணக்கையும், ருஷிய நெடுங்கணக்கையும், பலவகைக் குறிகளையும் தன்னுட்கொண்டது. கிரேக்க மொழி அறியாதவனுடைய பொறியிலும் கிரேக்க எழுத்துகள் பயனற்றுக் கிடந்தன. பயனற்றுக் கிடந்தவற்றுக்குப் பயன் கண்டதே அவ்விளைஞர் செய்த புதுமை.

அவர் கண்ட பயன்களிற் சில காண்போம். கிரேக்கத்தின் ஈற்றெழுத்தாகிய சிறிய ஒமேகா, இருவளைவு உடையதாதலின், பூனையின் வாயாயிற்று. அதனோடு தாழ்ந்த புருவத்தையும் புள்ளிக் கண்களையும் சேர்க்க, மனஞ்சோர்ந்து நிற்பவன் முகம் அமைந்தது. ருஷியரின் பெரிய 'த' எழுத்து, அகலத் திறந்து அலறும் வாயாயிற்று. நெற்றியில் வியர்வைத்துளி வரைந்து நாணத்தையும் சங்கடத்தையும் காட்டுவது ஜப்பானியச் சித்திரக்கதை மரபு; அதனைப் பின்பற்றி முகத்தின் ஓரத்தில் ஓர் அரைப்புள்ளியை இட்டு (^_^;) என்று எழுதினர். கன்னஞ் சிவத்தலை (*^_^*) என்று உடுக்குறி இரண்டால் காட்டினர்.

வணக்கத்தைக் காட்டிய திறம் இன்னும் பாராட்டத்தக்கது. ஜப்பானிய வாழ்க்கையிற் குனிந்து வணங்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். மன்னிப்புக் கேட்டலும், நன்றி கூறலும், வேண்டுதலும் வணக்கமின்றி நிறைவுறா. கண்களுக்கு இரண்டு அடிக்கோடுகளை இட்டு, இருபுறமும் தரையில் ஊன்றிய கைகளாக ஆங்கில 'எம்' எழுத்தைச் சிறிய வடிவில் வைத்தால், தலைதாழ்த்தி வணங்குபவன் உரு வருகின்றது. 2000-க்குப் பின் சில ஆண்டுகளில் இதனினும் சுருங்கிய உருவொன்று தோன்றிற்று. சிறிய ஆங்கில எழுத்துகளாகிய ஓ, ஆர், இஸட் மூன்றையும் அடுத்தடுத்து எழுதின், ஓ தலையாகவும், ஆர் ஊன்றிய கையும் உடலுமாகவும், இஸட் மடித்த காலாகவும் தோன்றி, தோல்வியுற்று மண்டியிட்டு விழுந்தவனைக் காட்டும். மூன்றெழுத்தில் ஒரு முழு மனிதன்!

சிறு முகத்தோடு அமையாது, பல வரிகளில் எழுத்துகளைச் செங்கற்போல் அடுக்கிப் பெருஞ்சித்திரம் எழுப்பியோரும் உளர். 1999-இல் தோன்றிய 'நிச்சானெரு' என்னும் பொதுமன்றத்தில் பெயர் குறிப்பிடாது எழுதியோர், எழுத்தாலாய பூனைகளை வரைந்து, அவற்றுக்குப் பெயரும் குணமும் அளித்து, பேசவும் சண்டையிடவும் வைத்தனர். இச்சித்திரங்கள் ஒரு குறித்த எழுத்துருவின் அகலத்தை அளந்து, இடைவெளிகளைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. வேறு எழுத்துருவில் திறந்தால் முகம் வேறு உடல் வேறாகச் சிதறிவிடும். ஊதியமும் புகழும் கருதாது, தம் பெயரையும் மறைத்து, ஒரு வெற்றிடத்தின் அகலத்துக்காக இரவெல்லாம் உழைத்தவரை வெறும் விளையாட்டுப் பிள்ளைகள் என்று தள்ளிவிடுதல் தகுமோ? அம்மன்றத்தில் 2004-இல் நடந்த உரையாடல் ஒன்று 'டென்ஷா ஓத்தோகோ' என்னும் பெயரால் அவ்வாண்டிலேயே நூலாக வந்தபோது, எழுத்துச் சித்திரங்களும் அந்நூலில் அச்சேறின. அச்சிலிருந்து வேடிக்கையாகப் புறப்பட்ட கலை, நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் கழித்து மீண்டும் அச்சுக்கே வந்து சேர்ந்தது.

இனி, உலகமொழிகளின் எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் எண்ணிட்டு வைக்கும் 'யூனிகோடு' முறையின் முதற்பகுதி 1991-இல் வெளிவந்தது. தமிழும் அதில் இடம்பெற்றது. அதன்பின் எந்நாட்டு எழுத்தும் எந்நாட்டான் கைக்கும் எட்டுவதாயிற்று. ஜப்பானியரின் 'ட்சு' என்னும் கத்தகானா எழுத்து, புன்முறுவல் பூத்த முகமாக, 'யானறியேன்' என்று தோள் குலுக்கும் உருவில் அமர்ந்தது. ஒலிநூலார் தொண்டையிற் பிறக்கும் ஒலிகளைக் குறிக்க வகுத்த இரண்டு கொக்கிகள் கரடியின் காதுகளாயின. நம் அயல்மொழியாகிய கன்னடத்தில் டகர வருக்கத்து இரண்டாம் எழுத்து, வட்டத்தின் நடுவே ஒரு புள்ளியும் மேலே ஒரு வளைகோடும் உடையது. அதனை இருமுறை எழுதி இடையில் அடிக்கோடு இட்டால், புருவம் நெரித்து இமையாது நோக்கும் கடுமுகம் ஒன்று எழும். 'இது தகாது' என்று சொல்லாமற் சொல்ல, இவ்வெழுத்தை மேனாட்டு இளைஞர் எண்ணிறந்தோர் பயன்படுத்தினர். அவருட் பலர் அதன் ஒலியையும் அறியார். அஃது ஒரு மொழியின் எழுத்து என்பதையும் அறியார்.

இஃது அவ்வெழுத்துக்கு இழுக்கன்றோ என்று வினவுவார் இருக்கலாம். இழுக்கன்று என்பதே நமது கொள்கை. எழுத்துக்கு ஒலிவடிவும் உண்டு, வரிவடிவும் உண்டு. வரிவடிவை மட்டும் இரவல் பெற்றவனால் ஒலிவடிவு குறைவதில்லை. கன்னட நாட்டுச் சிறுவன் தன் பாடத்தை முன்போலவே படிக்கின்றான். ஆயினும், கல்வி கற்கும் மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. அயல் எழுத்தொன்றை முகமாக்கிச் சூடிக்கொள்ளுங்கால், 'இவ்வெழுத்து யாருடையது? எங்ஙனம் ஒலிப்பது?' என்று ஒருமுறையேனும் கேட்டறிதல் வேண்டும். ஒரு சிறு நகைமுகம் ஒரு மொழியின் வாயிலாக அமைதலும் கூடும்.

இம்முகங்களால் மொழி கெடும் என்னும் ஆக்ஷேபத்துக்கு இனி விடை கூறுவோம். இவை சொல்லின் இடத்தைக் கவர்வன அல்ல. பெரும்பாலும் தொடரின் இறுதியில் வந்து, அத்தொடரைச் சொன்னவனுடைய மனநிலையை உணர்த்துவன. 'வந்தான்' என்பதற்கும், 'வந்தானே' என்பதற்கும், 'வந்தானோ' என்பதற்கும் உள்ள வேற்றுமை யாது? செய்தி ஒன்றே, ஈற்றில் நின்ற இடைச்சொல் உரைப்போன் உள்ளத்தைக் காட்டுகின்றது. ஜப்பானிய மொழியிலும் தொடரீற்றில் 'நே', 'யோ' முதலிய இடைச்சொற்கள் இத்தொழிலைச் செய்கின்றன. முகவெழுத்து அவ்விடைச்சொற்களின் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கது. இடைச்சொல்லால் மொழி கெட்டதென்று எவரும் கூறார்.

'இப்பொழுது ஆயத்தமான வண்ணப் படங்கள் இருக்க, இப்பழைய உருக்கள் எதற்கு?' என்பார்க்கும் ஒன்று கூறுவோம். குரிதா ஷிகெடகா என்பார் 1999-இல் ஜப்பானியக் கைப்பேசி நிறுவனமொன்றுக்காக 176 சிறு படங்களை வகுத்தார். அவை இன்று நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தின் தொகுதியில் உள்ளன. 2016-இல் அக்கலைக்கூடம் அவற்றை ஏற்றுக்கொண்டது. இத்தகைய 'எமோஜி'ப் படங்கள் 2010-இல் யூனிகோட்டிலும் மிகுதியாகச் சேர்க்கப்பட்டு உலகெங்கும் பரவின. அவை அழகியவை, பயனுடையவை. ஆயின், அவற்றைத் தேர்ந்தெடுக்கலாமேயன்றி நாமே படைத்தல் இயலாது. புதிய படமொன்று வேண்டுமாயின் அறிஞர் குழுவின் இசைவு பெறவேண்டும். முகவெழுத்துக்கோ எவர் இசைவும் வேண்டா. ஒரு புள்ளியை இடம்மாற்றினால் புதியதோர் உணர்ச்சி பிறக்கும். கடையில் வாங்கிய மாலைக்கும், தன் முற்றத்துப் பூவைத் தானே தொடுத்ததற்கும் உள்ள வேற்றுமை இது.

இவ்வளவு கூறியபின், நம் மனத்தை உறுத்தும் ஒன்றையும் மறையாது கூறுதல் முறை. எழுத்தைக் கண்ணால் மட்டும் படிக்கின்றோம் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். கண்பார்வை இல்லாத மாணவர் பலர் இன்று திரையிலுள்ளதை ஒலியாக வாசிக்கும் கருவியின் துணைகொண்டு கற்கின்றனர். நாம் மகிழ்ந்து இட்ட முகத்தை அக்கருவி முகமென்று அறியாது. செருகற்குறி, அடிக்கோடு, செருகற்குறி என்று ஒவ்வோர் உறுப்பாக அது முழங்கும். அன்றி ஒன்றும் சொல்லாது தாண்டிவிடும். எழுத்துச் சித்திரமாயின், பொருளற்ற ஒலிகளின் நீண்ட வரிசையை அவர்கள் பொறுத்துக் கேட்கவேண்டும்.

இதனினும் தீயது, சொற்களையே மாறுவேடத்தில் எழுதும் வழக்கம். கணித நூலார் தம் சமன்பாடுகளில் ஒன்றையொன்று வேறுபடுத்திக் காட்டுதற்கெனத் தடித்தும் சாய்ந்தும் சுழித்தும் அமைந்த ஆங்கில எழுத்துகளின் தொகுதியொன்று 2001-இல் யூனிகோட்டிற் சேர்க்கப்பட்டது. பலர் அவற்றை அழகுக்காக எடுத்துத் தம் பெயரையும் அறிவிப்புகளையும் எழுதுகின்றனர். கண்ணுக்கு அது சொல். வாசிக்கும் கருவிக்கோ 'கணிதத் தடித்த எழுத்து இன்னது' என்னும் தனித்தனிக் குறி. தேடுபொறியும் அதனைச் சொல்லென்று கொள்ளத் தவறுதல் உண்டு. அழகிய எழுத்தில் எழுதிய கூட்ட அறிவிப்பைக் கண்பார்வையற்ற தோழர் அறிய மாட்டாராயின், அவ்வழகு அவரை வாயிலில் நிறுத்திய கதவாகின்றது. ஒரு மொழியின் எழுத்து மற்றொரு மொழியின் எழுத்தைப்போல் தோன்றுவதைக்கொண்டு போலி முகவரி அமைத்துப் பிறரை ஏமாற்றக்கூடும் என்பதனை 2002-லேயே கணிப்பொறி ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆக, எழுத்தின் உருவைக்கொண்டு உள்ளத்தைப் புலப்படுத்தலாம். உண்மையை மறைக்கவும் செய்யலாம். முன்னது கலை, பின்னது வஞ்சனை. இரண்டுக்கும் இடையே, தீய நோக்கம் இல்லாமலே பிறரை விலக்கிவிடும் கவலையின்மை நிற்கின்றது. நம்மனோரிடம் காணப்படுவது பெரும்பாலும் அதுவே.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நாம் கூறும் நெறி சிலவே. சொல்லவேண்டிய செய்தியைச் சொல்லாலேயே முழுமையாகச் சொல்லுக. முகத்தை நீக்கினும் பொருள் எஞ்சி நிற்கவேண்டும். முகம் வேண்டுமாயின் தொடரின் இறுதியில் ஒன்று அமையும். இடையிடையே தூவுதல் வேண்டா. சொற்களை வேற்று எழுத்துகளால் வேடமிட்டு எழுதாதிருத்தல் நலம். பெருஞ்சித்திரம் ஒன்றைப் பலர்க்கு அனுப்புங்கால், அஃது இன்ன உரு என்று ஒரு வரி சேர்த்து எழுதுக. காணாதவரும் அதனால் அறிவர். இரங்கற் செய்தியிலும், விண்ணப்பத்திலும், தேர்வு விடையிலும் இவற்றுக்கு இடமில்லை என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மாணவனொருவன் தன் கடிதத்தின் இறுதியில் தலைதாழ்த்தி வணங்கும் சிறு உருவொன்றை வைத்திருப்பானாயின், அதனைச் சிவப்பு மையால் அடிக்குமுன் ஒருகணம் நோக்குக. நேரில் வந்திருப்பின் அவன் முகத்தில் எதனைக் காட்டியிருப்பானோ, அதனை அக்குறிகளிற் காட்ட முயன்றிருக்கின்றான். இடம் அறிந்து வைக்க அவனுக்குக் கற்பிப்பது நம் கடமை. வைக்க விரும்பிய உள்ளத்தை இகழ்வது நம் கடமையன்று. தொலைவிலுள்ளோர்க்கு வெறுஞ் சொல்லை மட்டும் அனுப்பாது தம் முகத்தையும் உடனனுப்ப விரும்புவோர் இருக்குமளவும், தட்டச்சுப் பலகையிலுள்ள புள்ளிக்கும் கோட்டுக்கும் வேலை இருந்துகொண்டேயிருக்கும்.